கல்லிடைக்குறிச்சி வீட்டில் திறக்கும் பக்கம் பாளை கடையில் திறக்கவில்லை, பிரிண்டர் வந்து நிற்கிறது

கல்லிடை_அப்பளம் (திங்கள், இரவு 10:40)

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு வாரமாக இதே வேலையாக இருக்கிறேன், வீட்டில் ஏச்சு விழுகிறது, அதனால் இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன். கொஞ்சம் நீளமாக இருக்கும்.

எங்களுக்குக் கல்லிடைக்குறிச்சியில் அப்பளத் தொழில். பெரிய கம்பெனி எல்லாம் இல்லை, வீட்டோடு சேர்ந்ததுதான். உளுந்து மாவு பிசைந்து கொடுப்போம், தெருவில் உள்ள அக்காமார் வாங்கிப்போய்த் தேய்த்துக் காயவைத்துக் கொண்டுவருவார்கள். யார் எத்தனை கிலோ எடுத்தார்கள், எத்தனை கட்டு திரும்பி வந்தது, கூலி எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அம்மாவின் நீள நோட்டில்தான் இருந்தது. விற்பனை பாளையங்கோட்டைக் கடையில், அதைச் சித்தப்பா பார்த்துக்கொள்கிறார். போன தை மாதம் ஒரே கல்யாண ஆர்டரை இங்கே நான் ஒருமுறை, அங்கே சித்தப்பா ஒருமுறை எழுதி, பிரண்டை அப்பளம் இரண்டு பங்கு போட்டு, மிஞ்சியதை வீட்டில் தின்று தீர்ப்பதற்குள் மாசி முடிந்துவிட்டது. அந்தக் கூத்துக்கு அப்புறம்தான் அக்கா மகன் பைத்தான் மொழியில், பிளாஸ்க் என்ற வலைப்பக்கக் கருவியை வைத்து, பிரவுசரில் திறக்கிற ஒரு சின்ன ரிஜிஸ்டர் எழுதிக் கொடுத்தான். பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டு போட்டு அதில் ஓடுகிறது.

வீட்டில் எந்தக் குறையும் இல்லை. கணினியின் முகவரி 192.168.1.10, போர்ட், அதாவது ரிஜிஸ்டர் கேட்டுக்கொண்டிருக்கும் வாசல் எண், 8080. என் போன், அம்மா போன் இரண்டிலும் வைஃபையில் உடனே திறக்கிறது.

இனி சிக்கல். பாளை கடையில் சித்தப்பா அதே 192.168.1.10 போட்டால் ரிஜிஸ்டருக்குப் பதில் ஏதோ ஒரு பிரிண்டரின் பக்கம் வருகிறது, கறுப்பு மை 40 சதவீதம் இருக்கிறது என்று காட்டுகிறது. 8080 சேர்த்துப் போட்டால் ஒன்றும் வரவில்லை. சரி, வெளி முகவரி வேண்டும்போல என்று ரவுட்டருக்குள் போய் 8080-ஐ என் கணினிக்குத் திருப்பிவிட்டேன், போர்ட் ஃபார்வர்டிங். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் 100.83 என்று தொடங்கும் முகவரி ஒன்று இருந்தது. அதை வீட்டிலிருந்தே போனில் போட்டுப் பார்த்தேன், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு ஒரு பக்கம் வந்தது. ஆகா, வெளியே போய்விட்டது, அக்கா மகன் ஏதோ பூட்டு போட்டிருக்கிறான் என்று நினைத்தேன். அவனைக் கேட்டால் நான் எதுவும் போடவில்லை மாமா என்கிறான். கடையிலிருந்து அதே முகவரியைப் போட்டால் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில் நேரம் முடிந்தது என்கிறது.

எங்கே தப்பு செய்கிறேன்?


பேட்டை_ரவுட்டர் (திங்கள், இரவு 10:52)

கணினிக்குள் வருவதைத் தடுக்கிற ஃபயர்வாலை அணைத்துவிட்டுப் பாரும் வே. பத்தில் ஒன்பது முறை அதுதான்.


தாமிரபரணிக்கரை (திங்கள், இரவு 11:35)

தம்பி, எதையும் அணைக்காதே. முதலில் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் விட்டும் வயலுக்கு வரவில்லை என்றால் என்ன செய்வார்கள்? கரையோடு நடந்து எந்த மடையில் அடைத்திருக்கிறது என்று பார்ப்பார்கள். எடுத்தவுடன் வரப்பை வெட்டுவதில்லை.

பிரிண்டர் வந்ததற்கு நீயும் சித்தப்பாவும் கவலைப்பட வேண்டாம், அது சரியாகத்தான் நடந்திருக்கிறது. 192.168-இல் தொடங்கும் முகவரிகள் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும். 10-இல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, அப்புறம் 192.168, இந்த மூன்று தொகுதிகளையும் தனியார் உபயோகத்துக்கு என்று 1996-லேயே ஒதுக்கிவிட்டார்கள், யார் வேண்டுமானாலும் தன் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். வடக்கு ரத வீதி, 10-ஆம் நம்பர் வீடு என்று மட்டும் எழுதிக் கடிதம் போட்டால் திருநெல்வேலி டவுனில் போட்டது டவுனிலேயே நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள், சங்கரன்கோவிலுக்குப் போகாது. கடையின் ரவுட்டரும் உன் ரவுட்டரும் ஒரே மாதிரி 192.168.1 வைத்திருக்கின்றன, அங்கே பத்தாம் நம்பர் வீடு பிரிண்டருடையது. அவ்வளவுதான்.

கடவுச்சொல் கேட்ட பக்கமும் உன் ரிஜிஸ்டர் இல்லை. 100.83 என்பது உன் ரவுட்டரின் முகத்தில் இருக்கும் முகவரி. வீட்டுக்குள் இருந்தே அதைக் கூப்பிட்டால், அடடா என்னையல்லவா கூப்பிடுகிறார்கள் என்று ரவுட்டரே தன் சொந்த நிர்வாகப் பக்கத்தைக் காட்டிவிடும். நன்றாகப் பார், ரவுட்டர் கம்பெனியின் பெயர் மூலையில் இருக்கும். வெளியே போய்விட்டது என்று வீட்டு வைஃபையிலிருந்து சோதித்து முடிவு செய்யக் கூடாது என்பது இதனால்தான். போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் மட்டும் சோதி. இதைச் செய்யாமல் ஏமாந்தவர்களை என் வேலையில் வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன், நானும் ஒரு காலத்தில் ஏமாந்தவள்தான்.

வீட்டு போனில் திறக்கிறது என்று சொன்னதால் உன் கணினி வரைக்கும் உள்ளது நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது இரண்டே காரியம் செய்து எழுது.

ஒன்று, உபுண்டுவில், கணினிக்கு வந்துபோவதை வரி வரியாகக் காட்டும் டிசிபிடம்ப் என்ற கட்டளையை 8080 போர்ட்டை மட்டும் கவனிக்கச் சொல்லி ஓட்டு. திரை சும்மா இருக்கும். முதலில் வீட்டு வைஃபையில் பக்கத்தைத் திற, வரிகள் ஓடும், கருவி வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் மொபைல் டேட்டாவில், வெளி முகவரி போட்டு முயற்சி செய். வரி ஒன்றாவது விழுகிறதா என்று மட்டும் பார். ஃபயர்வால் தடுத்தாலும் இதில் வரி விழும், ஏனென்றால் டிசிபிடம்ப் ஃபயர்வாலுக்கு முன்னாலேயே பார்த்துவிடும். ஆகவே வரி விழவே இல்லை என்றால் பேட்டை அண்ணாச்சி சொன்னது காரணம் இல்லை, சரக்கு உன் வாசலுக்கே வரவில்லை.

இரண்டு, வெளியிலிருந்து உன்னை எந்த முகவரியாகப் பார்க்கிறார்கள் என்று காட்டும் தளங்கள் இருக்கின்றன அல்லவா, அதில் ஒன்றை வீட்டு வைஃபையிலிருந்து திற. அது காட்டுவதும் ரவுட்டர் காட்டுவதும் ஒன்றாக இருக்கிறதா என்று பார். எனக்கு இப்போதே ஒரு சந்தேகம் இருக்கிறது, ஆனால் நீ பார்த்துச் சொல்.


கல்லிடை_அப்பளம் (செவ்வாய், காலை 7:15)

அக்கா, பார்த்துவிட்டேன். மூலையில் ரவுட்டர் கம்பெனி பெயர் இருந்தது, இரண்டு வாரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

டிசிபிடம்ப்: வீட்டு வைஃபையில் திறந்தால் வரிகள் கொட்டுகின்றன. மொபைல் டேட்டாவில் பத்து முறை முயற்சி செய்தேன், 100.83 போட்டும், தளம் காட்டிய முகவரி போட்டும். ஒரு வரிகூட விழவில்லை. மாடிக்குப் போய் டவர் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் நின்றும் பார்த்தேன், அம்மா கீழே திரையைப் பார்த்துக்கொண்டே "ஒண்ணும் வரலை, ஒண்ணும் வரலை" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

முகவரி: ரவுட்டரில் 100.83, தளத்தில் 103-இல் தொடங்கும் வேறு ஒன்று. இரண்டும் வேறு வேறு.

ஃபயர்வால் இருக்கிறது அண்ணாச்சி, அக்கா மகன் யுஎஃப்டபிள்யூ போட்டுக் கொடுத்திருக்கிறான், நான் அணைக்கவில்லை.


தாமிரபரணிக்கரை (செவ்வாய், காலை 8:05)

சந்தேகம் சரிதான். சிஜிநாட், அதாவது நெட் கம்பெனி பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்துவது. போர்ட் ஃபார்வர்டிங்கில் நீ தப்பே செய்யவில்லை, அது இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு கதவு இருக்கிறது, அதன் சாவி உன்னிடம் இல்லை.

100-க்கு அடுத்த எண் 64 முதல் 127 வரை இருந்தால் அது இணையத்தின் முகவரியே இல்லை. 2012-இல் இதற்கென்றே தனியாக ஒதுக்கிய தொகுதி, மொத்தம் சுமார் 42 லட்சம் முகவரிகள். நெட் கொடுக்கிறவர் தன் வாடிக்கையாளர்களுக்கு உள்ளுக்குள் கொடுத்துக்கொள்வதற்கு. உன் வீட்டுக்குள் ரவுட்டர் செய்கிற அதே வேலையை அவர் ஊர் அளவுக்குச் செய்கிறார், உன்னையும் உன் தெருவையும் அம்பையில் பாதிப் பேரையும் ஒரே 103 முகவரிக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறார். நீங்கள் உள்ளிருந்து வெளியே கேட்டால் பதில் யாருக்குப் போக வேண்டும் என்று அவருடைய பெட்டி குறித்து வைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து ஒருவர் தானாக வந்து 8080 வேண்டும் என்றால் அதற்கு யார் வீடு என்றே தெரியாது, கீழே போட்டுவிடும்.

அவரைத் திட்டியும் பயனில்லை. ஐபிவி4, அதாவது இப்படி நான்கு எண்களாக எழுதும் பழைய வகை முகவரி, மொத்தமே சுமார் 429 கோடி. உலகக் கையிருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பங்கு போட்டு முடிந்தன. நம் ஆசியப் பகுதிக்குப் பிரித்துக் கொடுக்கும் ஏபிநிக் அதே ஆண்டு ஏப்ரலில் தன் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது, அந்தக் கடைசித் தொகுதிதான் 103. அதிலிருந்து ஒருவருக்கு அதிகபட்சம் 1,024 முகவரி என்று ரேஷன் போட்டுத்தான் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதற்கு அப்புறம் கடை திறந்த சின்ன கேபிள்காரர் பல ஆயிரம் வீட்டுக்கு எப்படிக் கொடுப்பார், இப்படித்தான்.

இனி வழி என்று பார்த்தால் நிலையான முகவரி கேட்டு வாங்கலாம், பணம் கேட்பார்கள். ஐபிவி6 என்ற புதுவகை முகவரி இருக்கிறதா என்று பார்க்கலாம், உன் மொபைலில் அநேகமாக இருக்கும், ஆனால் இரண்டு பக்கமும் இருந்தால்தான் உதவும், கடையில் இல்லை என்றால் பாதி ஆறுதான் தாண்டியிருப்பாய். இல்லை என்றால் உள்ளிருந்து வெளியே ஒரு சுரங்கம் போட்டு அதன் வழியாக வரவழைக்கலாம்.

ஆனால் இதில் எதையும் தொடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி. இந்த ரிஜிஸ்டரை யார் யார் பார்க்க வேண்டும்? நீ, அம்மா, சித்தப்பா. மூன்று பேர். அதில் அக்காமாரின் பெயர், கூலி, பாக்கி எல்லாம் இருக்கிறது என்கிறாய். மூன்று பேருக்காக உலகத்துக்கே வாசல் திறக்க வேண்டுமா? பொது முகவரியில் ஒரு போர்ட்டைத் திறந்து வைத்தால் மணிக்கணக்குக்குள் எங்கிருந்தோ தட்டிப் பார்க்க வந்துவிடுவார்கள், ஆள் இல்லை, நிரல்கள், ஓயாமல் முகவரி முகவரியாகத் தட்டிக்கொண்டே போகும். நிலையான முகவரி கிடைத்தாலும் நான் அதைச் செய்யமாட்டேன். விபிஎன் போடு, அதாவது உங்கள் கருவிகளுக்கு மட்டுமான பூட்டிய சுரங்கம். டெயில்ஸ்கேல் மாதிரி ஒன்று போட்டால் அரை மணி நேர வேலை, மூன்று கருவியிலும் நிறுவி உள்ளே நுழைந்தால் முடிந்தது, சிஜிநாட் இருந்தாலும் அதுவே வழி கண்டுபிடித்துக்கொள்ளும். ஒரு குழப்பம் மட்டும் வரும், அதுவும் 100-இல் தொடங்கும் அதே தொகுதியிலிருந்துதான் முகவரி கொடுக்கும், ரவுட்டர் காட்டுகிற 100.83-உடன் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.


வள்ளியூர்_காற்று (செவ்வாய், மதியம் 1:20)

அக்கா சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை, என் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். எனக்கும் இதே கதை, பணகுடிப் பக்கம் தோட்டத்தில் மோட்டார், தொட்டி மட்டம் எல்லாம் பார்க்கிற மாதிரி ஒரு சின்னப் பலகையில் வெப் சர்வர் ஓடுகிறது, அங்கே கிடைப்பது சிம் போட்ட ரவுட்டர்தான். நெட் கம்பெனிக்குப் போன் செய்து போர்ட் திறந்துவிடுங்கள் என்றேன், அந்தப் பையன் ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் சார் என்றான், மூன்று நாள் மூன்று பையன்கள், மூன்று பேரும் அதையேதான் சொன்னார்கள்.

கடைசியில் வெளியே ஒரு சின்ன சர்வர் வாடகைக்கு எடுத்து அதில் வயர்கார்ட் என்ற விபிஎன் போட்டேன். அதற்குப் பொது முகவரி இருக்கிறது, யுடிபி 51820 என்ற போர்ட் ஒன்றை மட்டும் திறந்து வைத்தால் போதும். தோட்டத்துப் பலகையும் என் போனும் இரண்டும் உள்ளிருந்து அதைத் தேடிப் போகின்றன, அது நடுவில் நின்று கைமாற்றிவிடுகிறது. வேறு எந்தக் கம்பெனியின் கணக்கும் வேண்டாம், சாவிகள் எல்லாம் என்னிடமே. மாத வாடகை உண்டு, அது ஒன்றுதான் வலி.

மறக்காமல் இரண்டு: நடுவில் உள்ள சர்வரில் ஐபி ஃபார்வர்டிங்கை இயக்க வேண்டும், இல்லை என்றால் இரண்டு பேரும் சர்வரோடு பேசுவார்கள், ஒருவரோடு ஒருவர் பேசமாட்டார்கள். விபிஎன்-னுக்குள் 192.168.1 வைக்காமல் 10.8.0 மாதிரி வேறு ஏதாவது வையும், பிரிண்டர் கதை மறுபடி வேண்டாம்.


சுரண்டை_பூ (செவ்வாய், மாலை 6:02)

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு இதைவிடக் கேவலம், கணினியில் லோக்கல்ஹோஸ்ட், அதாவது அதே கணினியைக் குறிக்கும் பெயர், போட்டால் பக்கம் வருகிறது, அதே வீட்டில் போனில் திறக்கவில்லை. பிளாஸ்க்தான். 5000 போர்ட். பூ மண்டி விலைப் பட்டியல்.


பேட்டை_ரவுட்டர் (செவ்வாய், மாலை 6:30)

போனில் உடனே மறுக்கிறதா, இல்லை சுற்றிக்கொண்டே இருக்கிறதா? மறுக்கிறது என்றால் அந்த முகவரியில் யாரும் கேட்டுக்கொண்டு இல்லை என்று அர்த்தம். பிளாஸ்க்கைச் சும்மா ஓட்டினால் 127.0.0.1-இல்தான் உட்காரும், அதாவது தன் காதில் தானே பேசும், பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. ஹோஸ்ட் என்ற இடத்தில் 0.0.0.0 என்று கொடுத்து ஓட்டும். எஸ்எஸ் கட்டளையில் எந்தப் போர்ட் எந்த முகவரியில் திறந்திருக்கிறது என்று தெரியும், அதில் 127 போய் 0.0.0.0 வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளும்.


சுரண்டை_பூ (செவ்வாய், இரவு 8:44)

உடனே மறுத்தது அண்ணாச்சி. நீங்கள் சொன்னபடி மாற்றிவிட்டேன், எஸ்எஸ்-இல் 0.0.0.0 காட்டுகிறது. இப்போது மறுக்கவில்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது. இது முன்னேற்றமா?


பேட்டை_ரவுட்டர் (செவ்வாய், இரவு 8:50)

முன்னேற்றம்தான். ஃபயர்வாலைப் பாரும்.


கல்லிடை_அப்பளம் (சனி, இரவு 9:30)

நாலு நாளாக எழுதவில்லை, ஆவணி முகூர்த்தம், மாவு பிசையவே நேரம் சரியாக இருந்தது. இப்போது நிற்காமல் திறக்கிறது! நடந்ததைச் சொல்கிறேன், அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்.

நெட் கொடுக்கிறவரிடம் நிலையான முகவரி கேட்டேன், ஆண்டுக்கு என்று ஒரு தொகை சொன்னார், சித்தப்பா அதைக் கேட்டு "அதுக்கு நான் தினம் பஸ் ஏறி வந்து நோட்டைப் பார்த்துட்டுப் போயிருவேன்" என்றார். அக்கா சொன்ன டெயில்ஸ்கேல்தான் போடலாம் என்றேன், அக்கா மகன் விடவில்லை, வயர்கார்ட்தான் வேண்டும், படித்த மாதிரியும் இருக்கும் என்று வள்ளியூர் அண்ணாச்சி வழியைப் பிடித்துக்கொண்டான். சின்ன சர்வர் எடுத்து, வீட்டுக் கணினி 10.8.0.2, கடைக் கணினி 10.8.0.3, நடுவில் உள்ளது 10.8.0.1.

புதன் இரவு கடையிலிருந்து பிங் அடித்தால், அதாவது இருக்கிறாயா என்று தட்டிக் கேட்டால், வீட்டுக் கணினி பதில் சொன்னது. சித்தப்பாவுக்குச் சந்தோஷம். பக்கத்தைத் திறந்தால் சுற்றல். பிங் போகிறது, பக்கம் போகவில்லை! ராத்திரி பதினொன்று வரை அவர் கடையில், நான் இங்கே, போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்புறம்தான் அக்கா சொன்ன டிசிபிடம்ப் ஞாபகம் வந்து ஓட்டினேன். இந்த முறை வரி விழுந்தது. 10.8.0.3-இலிருந்து 8080-க்கு ஒரு வரி, ஒரு நொடி கழித்து அதே வரி, அப்புறம் இரண்டு நொடி, நான்கு நொடி விட்டு அதே வரி மறுபடி மறுபடி. இங்கிருந்து பதில் வரி ஒன்றுகூட இல்லை. கதவைத் தட்டுகிறார் சித்தப்பா, உள்ளே இருக்கிறவன் வாயைத் திறக்கவில்லை.

யுஎஃப்டபிள்யூ விதிகளைப் பார்த்தால் அக்கா மகன் 8080-ஐ 192.168.1-இலிருந்து வந்தால் மட்டும் விடு என்று எழுதி வைத்திருக்கிறான். சித்தப்பா இப்போது 10.8.0.3 என்ற பெயரில் வருகிறார், அந்நியர், அதனால் சத்தமில்லாமல் கீழே போட்டிருக்கிறது. பிங்கை மட்டும் அது வழக்கமாகவே விட்டுவிடுமாம், அதனால்தான் அது போனது. வயர்கார்ட் வழியாக வருகிறவர்களையும் 8080-க்கு விடு என்று ஒரு விதி சேர்த்தேன், என்டர் தட்டிக் கையை எடுப்பதற்குள் போனில் "வந்துட்டு, வந்துட்டு" என்று சத்தம்.

அத்தோடு முடியவில்லை. வியாழன் காலையில் திறந்தது, மதியம் திறக்கவில்லை. நான் வீட்டுக் கணினியில் உட்கார்ந்து சர்வருக்கு ஒரு பிங் அடித்தால் உடனே கடையிலும் திறக்கிறது, விட்டுவிட்டால் கொஞ்ச நேரத்தில் மறுபடி படுத்துவிடுகிறது. பேய் பிடித்த மாதிரி இருந்தது. வள்ளியூர் அண்ணாச்சிக்குத் தனியாக எழுதிக் கேட்டேன். வீட்டுப் பக்கம் சும்மா இருந்தால் நெட் கம்பெனியின் பெட்டி இந்த வழியை மறந்துவிடுமாம், வெளியிலிருந்து அப்புறம் யாரும் நுழைய முடியாது. வீட்டுக் கணினியின் அமைப்பில் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 என்று ஒரு வரி. 25 நொடிக்கு ஒருமுறை இருக்கேன் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். நேற்றும் இன்றும் ஒரு தடவைகூட நிற்கவில்லை.


பேட்டை_ரவுட்டர் (சனி, இரவு 9:41)

திங்கட்கிழமை 10:52-க்கு நான் என்ன சொன்னேன் என்று மேலே போய்ப் பாரும். ஃபயர்வால்.


தாமிரபரணிக்கரை (சனி, இரவு 9:58)

திங்கட்கிழமை அணைத்திருந்தால் அன்றைக்கும் திறந்திருக்காது அண்ணாச்சி, சரக்கு வாசலுக்கே வரவில்லை. புதன்கிழமைக்குப் பொருந்துகிற பதிலை இரண்டு நாள் முன்னாடியே சொல்லிவிட்டீர்கள், அதை ஒத்துக்கொள்கிறேன்.

தம்பி, அணைக்காமல் ஒரு விதி சேர்த்தாயே, அதுதான் சரி. ஒன்றை மட்டும் அக்கா மகனிடம் கேள், பிளாஸ்க்கை டீபக் நிலையில் ஓட்டுகிறானா என்று. பிழை வந்தால் பக்கத்திலேயே நிரலை எழுதி ஓட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு கருவி அதில் வரும், உள்ளே நுழைந்த யாரும் அதை வைத்துக் கணினியையே கையில் எடுத்துக்கொள்ளலாம். எழுதும்போது வசதி, ஓடும்போது ஆபத்து. அணைத்துவிட்டு கன்னிகார்ன் மாதிரி ஒரு சர்வர் நிரலில் ஓட்டச் சொல். நீ ரவுட்டரில் போட்ட 8080 ஃபார்வர்டிங் இன்னும் அப்படியே கிடக்கும், அதையும் எடுத்துவிடு. இன்றைக்கு அதனால் ஒன்றும் இல்லை, நாளைக்கு நெட் கம்பெனி உனக்குப் பொது முகவரி கொடுத்துவிட்டால் நீ அறியாமலே வாசல் திறந்திருக்கும்.

கரண்ட் போய் வந்தால் கணினி தானாக எழும்புகிறதா?


கல்லிடை_அப்பளம் (ஞாயிறு, காலை 6:50)

டீபக் நிலையில்தான் ஓடியிருக்கிறது அக்கா. கேட்டேன், தலையைச் சொறிகிறான். இன்றைக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். ஃபார்வர்டிங்கை எடுத்துவிட்டேன்.

கரண்ட் சோதனையும் செய்தாயிற்று, அதாவது நேற்று ராத்திரி தானாகவே நடந்தது. வந்தபோது கணினி எழும்பவில்லை, பயாஸில், அதாவது கணினியின் அடிப்படை அமைப்பில், போய் கரண்ட் வந்தால் தானே இயங்கு என்ற இடத்தை மாற்ற வேண்டியிருந்தது. எழும்பியதும் ரிஜிஸ்டர் ஓடவில்லை, அதை இதுவரை கையால்தான் தட்டி ஓட்டிக்கொண்டிருந்தோம். கணினி எழும்பும்போதே நிரல்களை ஓட்டிவிடும் சிஸ்டம்டி-யில் ஒரு சேவையாக எழுதி வைத்தோம். முகவரி வேறு 192.168.1.14 ஆகிவிட்டது, அம்மா போனில் திறக்கவில்லை என்று காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள், ரவுட்டரில் இந்தக் கணினிக்கு 10-ஐ ஒதுக்கி வைத்துவிட்டேன். கடையில் மட்டும் ஒரு குறையும் இல்லை, அங்கே 10.8.0.2 மாறவே இல்லை.


சுரண்டை_பூ (ஞாயிறு, காலை 11:15)

எனக்கும் வந்துவிட்டது. ஃபயர்வால் இல்லை அண்ணாச்சி. முதலில் மறுத்ததற்கு அப்புறம் போன் ரவுட்டரின் கெஸ்ட் வைஃபைக்கு மாறியிருந்தது, அதில் இருக்கிறவர்கள் வீட்டுக்குள் உள்ள கருவிகளைப் பார்க்க முடியாதாம். தம்பி எப்போதோ போட்டுக் கொடுத்தது, கடவுச்சொல் சின்னது என்று எல்லாரும் அடிக்கடி அதில் நுழைந்துவிடுகிறோம்.